எங்க ஊர்க் கதை: சிப்பிகாட், ஒரு கடை, ஒரு பற்று நோட்டு

கால்கரியில் புதிதாகப் பார்க்கிற தமிழர்கள் "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். "அந்தமான்" என்றால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அங்கே ஜெயில்தானே இருக்கு?" என்பார்கள். கோபமெல்லாம் வருவதில்லை. பள்ளிப் புத்தகத்திலும் சினிமாவிலும் சுற்றுலா விளம்பரத்திலும் அந்த ஜெயில்தானே இருக்கிறது. ஜெயிலுக்கு வெளியே அரிசி விற்றவர், டீ ஆற்றியவர், நாற்று நட்டவர் என்று ஒரு ஊரே இருந்தது, இருக்கிறது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் இந்தப் பதிவு.

நான் சொல்லப் போவது சிப்பிகாட். போர்ட் பிளேரிலிருந்து கராச்சர்மா தாண்டிப் போனால் 14 கிலோமீட்டர். (2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றிவிட்டார்கள். பழக்கதோஷம், நான் போர்ட் பிளேர் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) வண்டூர் கடற்கரைக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் இந்த வழியாகத்தான் போவார்கள். இறங்கிப் பார்ப்பவர் குறைவு. என் மாமா, அம்மாவின் தம்பி, அங்கே சாலையோரமாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் டீ, பின்பக்கம் வீடு.

ஜெயிலுக்கு முந்தின ஊர்

முதலில் ஒரு கணக்கு. டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்கிற வெள்ளைக்காரர் 200 கைதிகளோடு போர்ட் பிளேர் வந்து இறங்கியது 1858 மார்ச் 10. செல்லுலார் ஜெயில் கட்ட ஆரம்பித்தது 1896ல், முடித்தது 1906ல். நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம்! அந்த ஐம்பது வருடமும் ஆயிரக்கணக்கான கைதிகள் எங்கே இருந்தார்கள்?

கொட்டகைகளில் இருந்தார்கள், அப்புறம் கிராமங்களில் இருந்தார்கள். காட்டை வெட்டினார்கள், சதுப்பை மண் போட்டு மூடினார்கள். பல வருடம் ஒழுங்காக வேலை செய்த கைதிக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதற்கப்புறம் அவர் நிலம் வாங்கிப் பயிர் செய்யலாம், மாடு வளர்க்கலாம், கடை வைக்கலாம், பெண் கைதியைக் கல்யாணமும் பண்ணிக்கொள்ளலாம். இவர்களுக்கு 'செல்ஃப் சப்போர்ட்டர்' என்று பெயர். தன் சோற்றைத் தானே பார்த்துக்கொள்கிறவர் என்று அர்த்தம். சர்க்கார் சோறு போடுவதை நிறுத்திய நாளிலிருந்து ஒருவர் பாதி சுதந்திரமானவர் ஆகிவிடுவார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தமானின் முதல் கடைக்காரர்களில் இவர்களும் உண்டு. இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் 'லோக்கல் பார்ன்' ஆனார்கள். அப்பா ஒரு மாகாணம், அம்மா வேறொரு மாகாணம், சாதி வேறு, சில வீடுகளில் மதமும் வேறு. வீட்டில் பேசியது இந்துஸ்தானி. மாமா கடைக்கு வரும் ஒரு பாட்டியிடம் என்ன ஜாதி என்று யாராவது கேட்டால், "லோக்கல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

இதையெல்லாம் எழுதும்போது இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அந்தக் காடு சும்மா கிடந்த காடு அல்ல. கிரேட் அந்தமானியர்களின் இடம் அது. 1859 மே மாதம் அபர்டீனில் அவர்கள் வில்லோடு வந்து மோதித் தோற்றார்கள். பிறகு நோய்கள் வந்தன. அன்றைக்குப் பல ஆயிரமாக இருந்தவர்கள் இன்று ஐம்பது அறுபது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். எங்கள் எல்லோருடைய ஊர்க் கதையும் அதற்கு மேல் எழுந்ததுதான்.

பெயர்ப் பலகையே சரித்திரம்

போர்ட் பிளேரில் பஸ் ஏறி ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டே போனால் பாதி சரித்திரம் படித்த மாதிரி. ஃபெரார்கஞ்ச், விம்பர்லிகஞ்ச், ஸ்டூவர்ட்கஞ்ச், புரோத்ராபூர் எல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள். புரோத்ரா என்பது ஏதோ வடநாட்டுப் பெயர் என்று நினைப்பீர்கள். புரோத்தரோ என்கிற துரைதான் அப்படி ஆகிவிட்டார் :-)

காலிகட், மஞ்சேரி, மலப்புரம், திரூர், வண்டூர். இதென்ன கேரளாவா என்று தோன்றும். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மாப்பிளைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். பாத்துபஸ்தி, 1920களில் கொண்டுவரப்பட்ட பாந்து மக்களின் பெயரில். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களை ஊரே ராஞ்சிக்காரர்கள் என்றுதான் சொல்லும்.

அப்புறம் 'காட்' என்று முடிகிற ஊர்கள். ஜங்கிலிகாட், மன்னார்காட், எங்கள் சிப்பிகாட். (மன்னார்காட் மலபாரின் மண்ணார்க்காடு. அது தனிக் கதை.) இந்தியில் காட் என்றால் படகுத் துறை, சீப்பி என்றால் நம் சிப்பிதான். பெயரைப் பிரித்தால் சிப்பித்துறை. வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். போர்ட் பிளேர் துறைமுகம் உள்ளே உள்ளே வளைந்து போகிறது. அதன் உள்மூலையிலிருந்து ஒரு கழி, அங்கே எல்லோரும் கிரீக் என்பார்கள், சிப்பிகாட் வரை வருகிறது. சாலை இல்லாத காலத்தில் போக வரப் படகுதான். அரிசி மூட்டையும் படகில், ஆளும் படகில்.

பிறகு சாலை வந்தது, துறைக்கு வேலை இல்லாமல் போனது. கழியோரச் சதுப்பில் வரப்புப் போட்டு, உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்தி, மழைத் தண்ணீரில் உப்பைக் கழுவி, வயலாக்கினார்கள். சதுப்பை மூடுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, மலேரியா. 1912ல் கிறிஸ்டோஃபர்ஸ் என்ற டாக்டர் அந்தமான் மலேரியா பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உவர்நீர்ச் சதுப்பில் வளரும் ஒருவகைக் கொசுதான் காரணம், சதுப்பை ஒட்டிய கிராமங்களில்தான் காய்ச்சல் அதிகம் என்று அதில் காட்டினார். ஆக, வயல் என்பது சோறு மட்டுமில்லை, காய்ச்சலிலிருந்து தப்பிக்கிற வழியும்கூட.

கல் கட்டடமும் தகரக் கடையும்

போர்ட் பிளேர் போனவர்கள் ராஸ் தீவையும் பார்த்திருப்பீர்கள். (2018 டிசம்பரிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.) தலைமை கமிஷனர் மாளிகை, சர்ச், பேக்கரி, அச்சகம், டென்னிஸ் கோர்ட், துரைமார் குடித்துக் கூத்தாடிய கிளப் எல்லாம் அங்கே இருந்தன. 1941 ஜூன் 26ல் வந்த பூகம்பம் பலமாக ஆட்டிவிட்டது. அடுத்த மார்ச்சில் ஜப்பான்காரன் வந்தான். இன்று ஆலமர வேர்கள் அந்தச் சுவர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பார்க்க அழகாக இருக்கும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள்.

அதாவது துரைமார் குடித்த இடத்துக்குக்கூட இன்றைக்கு ஒரு சுவர் மிச்சம் இருக்கிறது. சாதாரண ஜனங்கள் டீ குடித்த இடத்துக்கு ஒன்றுமில்லை. காரணம் ரொம்ப எளிது. அவர்கள் கல்லில் கட்டினார்கள், நாம் மரப் பலகையிலும் தகர ஷீட்டிலும் கட்டினோம். பலகையைக் கரையான் தின்னும், தகரம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். பதினைந்து இருபது வருடத்துக்கு ஒருமுறை கடையைத் திரும்பக் கட்ட வேண்டும். ஊரின் மையமான அபர்டீன் பஜாரிலேயே, மணிக்கூண்டைச் சுற்றிப் பார்த்தால் இன்று பெரும்பாலும் கான்கிரீட் மாடிகள்தான். அவை நிற்கும் இடத்தில் முன்பு என்ன கடை, யாருடையது என்று வயதானவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

ஜப்பான்காரன் இருந்த மூன்றரை வருடமும் (1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை) ஜனங்கள் பட்ட பாட்டுக்குச் சாட்சியும் இப்படித்தான் குறைவு. சிப்பிகாட் தாண்டி வண்டூர் சாலையில் ஹம்ப்ரிகஞ்ச் என்று ஓர் ஊர். 1944 ஜனவரி 30ல் ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு 44 இந்தியர்களை அங்கே சுட்டுக் கொன்றார்கள். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. ஆனால் பஜாரில் பட்டினி கிடந்தவர்களுக்கும், கிழங்கு தின்று பிழைத்தவர்களுக்கும் கல்வெட்டு எதுவும் கிடையாது.

மாமா கடை

சுதந்திரத்துக்குப் பிறகு 1949லிருந்து கிழக்கு வங்காள அகதிகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். நெல்லுக்குப் பள்ள நிலம், தென்னைக்கும் பழத்துக்கும் மேட்டு நிலம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். நம் தமிழர்கள் பெரும்பாலும் இப்படி நிலத்துக்கு வரவில்லை, கூலிக்கு வந்தார்கள். ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து சாலை போட, துறைமுகம் கட்ட, மரம் இழுக்க வந்தவர்கள். மஸ்தூர் என்றால்தான் எங்கள் அப்பா தலைமுறைக்குப் புரியும். சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சிலரைக் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கும் அனுப்பினார்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அதில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ்.

அப்பா 1960களின் கடைசியில் பொதுப்பணித் துறைக்கு மஸ்தூராக வந்தார். பின்னாலேயே மாமா. மாமாவுக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை, தராசு பிடித்தது. சிப்பிகாட்டில் ஒரு கடை போட்டார்.

கடைக்குச் சரக்கு எல்லாம் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். (இந்தியாவை அங்கே எல்லோரும் மெயின்லேண்ட் என்றுதான் சொல்வோம்.) சென்னையிலிருந்து சுமார் 1,190 கிலோமீட்டர், மூன்று நாள் கப்பல். அக்பர், ஹர்ஷவர்த்தனா, நன்கவுரி, ஸ்வராஜ் த்வீப் என்று கப்பல் பெயர்கள் எங்களுக்கு ரயில் பெயர்கள் மாதிரி. கப்பல் தாமதமானால் முதலில் வெங்காயம் தீரும், அப்புறம் உருளைக்கிழங்கு. "ஹேடோல கப்பல் கட்டிட்டானா?" என்பதுதான் கடையில் அதிகம் கேட்ட கேள்வி.

கடைக்கு வந்தவர்களைச் சொல்கிறேன். அரை கிலோ கடுகெண்ணெய் கேட்கும் பெங்காலி தாதா. மஞ்சேரிப் பக்கத்திலிருந்து வரும் மாப்பிளைக் காக்கா. சம்பள நாளில் மட்டும் சிரிக்கிற ராஞ்சிக்கார அண்ணன். ஜங்கிலிகாட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் தெலுங்கு அம்மா. அந்த 'லோக்கல்' பாட்டி. அரசாங்க விவசாயப் பண்ணை ஆட்கள்.

இந்தப் பண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. 80 ஏக்கர். கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, மிளகு எல்லாம் வளர்த்துக் காட்டுவார்கள். மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் (1978ல் தொடங்கியது) சோதனைத் தோட்டமும் அங்கே உண்டு. பசிபிக் தீவுகளிலிருந்து 1980களின் தொடக்கத்தில் சேகரித்துவந்த தென்னை ரகங்களைச் சிப்பிகாட்டில்தான் நட்டு வளர்த்தார்கள். தென்னைகூட எங்கிருந்தோ வந்து குடியேறினதுதான். எங்க ஊரில் எல்லாருமே அப்படி!

மாமா பற்று நோட்டு ஒன்று வைத்திருப்பார். நீளமான, சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு. அதில் நிஜப் பெயர் குறைவு. ஒரே பெயரில் நாலு பேர் இருந்ததால் அடையாளம் போட்டு எழுதுவார். "பாலத்து தாதா", "ரெண்டு மாடு காக்கா", "பண்ணை மலையாளி", "லோக்கல் பாட்டி மருமகன்". யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சாவு, யார் மெயின்லேண்ட் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் அந்த நோட்டில் தெரியும். கல்யாணம் என்றால் அரிசிப் பற்று ஏறும். சாவு என்றால் அந்த மாதம் மாமா கணக்கு எழுதமாட்டார், ஒரு கோடு மட்டும் இழுத்துவிடுவார். முப்பது வருட நோட்டுகள் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

கடல் வந்தது, போகவில்லை

2004 டிசம்பர் 26, ஞாயிறு. அங்கே காலை ஆறரை மணி வாக்கில் பூமி ஆடியது. கால்கரியில் எங்களுக்கு இன்னும் 25ம் தேதி மாலைதான்.

சுனாமி என்றால் அலை வந்து அடித்துவிட்டுப் போவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சிப்பிகாட்டில் நடந்தது வேறு. கடல் வந்தது, போகவில்லை. ஏனென்றால் நிலமே இறங்கிவிட்டது.

நானும் ஒரு கட்டடப் பொறியாளன் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். இந்தியத் தட்டு அந்தமானுக்கு அடியில் மெல்ல நுழைந்துகொண்டே இருக்கிறது. இடையில் சிக்கிக்கொண்டு, மேலே இருக்கும் தட்டு பல காலமாக அழுத்தத்தில் வளைந்து நிற்கும். ஒருநாள் பிடி விடுகிறது. அப்போது தட்டின் முன்விளிம்பு மேலே எழும், பின்பகுதி கீழே இறங்கும். அதனால்தான் வட அந்தமானில் சில இடங்களில் பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் காய்ந்தன. தென் அந்தமானில் போர்ட் பிளேர்ப் பக்கம் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையில் 4 மீட்டருக்கு மேல்.

ஒரு மீட்டர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் சதுப்பை வரப்புக் கட்டி வயலாக்கின இடத்தில் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாமே. தினம் இரண்டு தடவை கடல் ஏறும். ஏறின தண்ணீர் வயலுக்குள் வந்தது. நெல் போனது. பாக்கும் தென்னையும் நின்றபடியே காய்ந்தன. சாலையை உயர்த்த வேண்டிவந்தது. மாமா கடையில் அமாவாசை, பௌர்ணமிக்கெல்லாம் முழங்கால் தண்ணீர்.

தகரப் பெட்டி நனைந்துவிட்டது. அத்தை நோட்டுகளை வெயிலில் காயவைத்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீரில் ஊறின தாள் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது, பிரித்தால் கிழிந்தது. கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

போனில் "பாக்கியெல்லாம் போச்சே மாமா" என்றேன்.

"பாக்கி கெடக்குடா. தர வேண்டியவனுக்கே வயல் தண்ணிக்குள்ள கெடக்கு, அவன்கிட்ட போய் என்னத்தக் கேக்க? யார் யார் இங்க இருந்தாங்கன்னு அதுலதான்டா இருந்துச்சு" என்றார்.

மாமா பிறகு கராச்சர்மாப் பக்கம் மேட்டில் கடை போட்டார். இன்றைக்குச் சிப்பிகாட்டில் அந்த வயல்கள் உவர்நீர் ஏரி மாதிரி இருக்கின்றன. அலையாத்தி மரங்கள் திரும்ப முளைத்திருக்கின்றன. அந்தமான் டீல் என்ற வாத்தையும் கொக்கு நாரைகளையும் பார்க்க, நீளமான லென்ஸோடு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் எழுதும் குறிப்புகளில் சிப்பிகாட் ஒரு நல்ல பறவை பார்க்கும் இடம். அது உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீருக்கடியில் யாருடைய வரப்பு இருக்கிறது என்று பறவைக் குறிப்பில் இருக்காது.

இதெல்லாம் எதற்கு?

பழங்கதை பேச ஆசை என்பது மட்டுமில்லை, இதில் வேறு சங்கதியும் இருக்கிறது. தீவில் யார் எப்போது வந்தார்கள் என்பது வெறும் அரட்டை விஷயம் அல்ல. 1942க்கு முன் வந்தவரா, பின் வந்தவரா என்பதை வைத்துச் சலுகைகள் பிரிகின்றன. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் போட்டபோது லோக்கல் பார்ன், மாப்பிளை, பாந்து, கரேன், கிழக்கு வங்காளக் குடியேறிகள் என்று ஐந்து பிரிவுகளைச் சேர்த்தார்கள். தமிழர் என்று ஒரு பிரிவு அதில் இல்லை. ஐலண்டர் அட்டைக்கும் எத்தனை வருடம் இருந்தாய், எங்கே படித்தாய் என்று காகிதம் காட்ட வேண்டும். மஸ்தூராக வந்து சாலை போட்டவரிடம் என்ன காகிதம் இருக்கும்? ஒரு ரேஷன் கார்டு, ஒரு பள்ளிச் சான்றிதழ், எங்கோ பத்திரமாக வைத்த ஒரு கப்பல் டிக்கெட். அதுவும் கரையானுக்கும் உப்புத் தண்ணீருக்கும் தப்பினால்தான்.

இது அந்தமான்காரர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. டொராண்டோவிலோ சிட்னியிலோ சிங்கப்பூரிலோ இதை வாசிக்கிறவர்களில் பலருடைய தாத்தா பர்மாவிலோ மலேயாவிலோ கொழும்பிலோ ஒரு கடையில் நின்றிருப்பார். அந்தக் கடையும் பலகைக் கடையாகத்தான் இருந்திருக்கும். துரைமாருக்கு அரசாங்கமே ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. நமக்கு வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம்தான் காப்பகம், அதற்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

நான் ஒன்று செய்கிறேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் போட்டு அந்த நோட்டை வாயாலேயே திரும்ப எழுதவைக்கிறேன். "பாலத்து தாதாவுக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?" என்று ஆரம்பித்தால் மனுஷன் ஒரு மணி நேரம் பேசுவார். நடுவில் அத்தை "இல்லைங்க, அது அவர் இல்ல, அவர் மச்சான்" என்று திருத்துவார்கள். இதுவரை எழுபத்துமூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். வரைபடத்தில் அவரவர் வீட்டை ஒரு புள்ளியாக வைக்கிறேன். நிறையப் புள்ளிகள் இப்போது தண்ணீரில் விழுகின்றன.

உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். பெரிய கேள்வி எதுவும் வேண்டாம். எந்தக் கப்பலில் வந்தீங்க, இறங்கின அன்னிக்கு ராத்திரி யார் வீட்டில் சாப்பிட்டீங்க, முதல் கடன் எந்தக் கடையில் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தம்பி தங்கையிடம் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு எழுபத்துநாலாவது ஆள். லோக்கல் பாட்டி மருமகனின் தம்பியாம், சாத்தம் மரஅறுவை மில்லில் வேலை பார்த்தாராம். எழுதுகிறேன்.